வீட்டுக் குரல்

பாட்டு டீச்சருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கு.

பள்ளிக்கூடக் குரல் லேசுப்பட்டதல்ல. மத்தியான வெயிலில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கண்ணயரும் வாட்ச்மேனைத் தூக்கிவாரிப் போடவைக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாக ஒரு பட்டாளத்தைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு டப்பாவையும் குச்சியையும் கையில் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் மெல்லப் பேசிக் காரியம் சாதித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து நின்று பார்க்கலாம். மறுநாள் வரமாட்டார்கள்.

வீட்டுக் குரல் வேறு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைத் தாண்டாது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு தடவை தொண்டை கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குரலைக் கொஞ்சம் மிச்சம் பிடிங்கம்மா. இல்லன்னா அப்புறம் டப்பாவை மட்டும்தான் தட்டிக்கிட்டு இருக்கணும்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் சிக்கனம் ஆரம்பித்தது. நாளாவட்டத்தில் சிக்கனம் பழக்கமாகி, பழக்கம் பிரியமாகவும் ஆகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கத்திவிட்டு வந்து, தனக்கென்று இருக்கிற ஒரே மனுஷரிடம் காதோரமாகப் பேசுவதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தாள்.

"சத்தமா பாடுறது யாருக்காக?"

"தூரத்துல இருக்கிறவங்களுக்கு மிஸ்!"

"மெல்லப் பாடுறது?"

"பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மிஸ்!"

இதையும் கூரை அதிரக் கத்தித்தான் சொல்வார்கள்.

"அப்ப நான் எங்க இருக்கேன்? அடுத்த ஊர்லயா?"

வட்டம் முழுக்கச் சிரித்து உருளும். எல்லாரையும் திரும்ப உட்காரவைப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடும்.

அவளுடைய பாடங்கள் எல்லாமே இப்படி உடம்பால் நடத்தும் பாடங்கள்தான். நெஞ்சில் கையை வைத்து, "உள்ள ஒருத்தர் கதவைத் தட்டிக்கிட்டே இருக்காரு, கேக்குதா? அவர்தான் தாளம். அவர் அவசரப்படவும் மாட்டாரு, தூங்கவும் மாட்டாரு" என்பாள். மேல் சுரம் வந்தால் நுனிக்காலில் நிற்க வேண்டும், கீழ்ச் சுரம் வந்தால் குந்த வேண்டும். வேகம் என்றால் சுண்டெலி நடை, நிதானம் என்றால் யானை நடை. இதிலெல்லாம் பிள்ளைகள் சூரர்கள். மௌனத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். மூன்று தட்டு தட்டிவிட்டு நாலாவதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்றால், அந்த நாலாவதில் எவனாவது ஒருவன் டப்பாவைப் போட்டு உடைப்பான்.

"சும்மா இருக்கிறதும் ஒரு தட்டுதான்டா. கையை மூடிக்கிட்டு அதையும் எண்ணணும். எண்ணாம விட்டா பாட்டு விழுந்துடும்."

அந்த வட்டத்தில் ஒரு சிறுமிக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அரைத்தாளம். சலவைக் கடைக்காரியின் மகள். எல்லாரும் தட்டி முடித்த பிறகு ஒரு இமை நேரம் கழித்து இவள் டப்பா ஒலிக்கும். ஒவ்வொரு தட்டிலும் அதே மாதிரி, ஒரே அளவு பிந்தும். டீச்சர் ஆரம்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத் தட்டவைத்தாள். கையைப் பிடித்தால் சரியாக வரும், விட்டால் பழையபடிதான். சரி, தாளம் சிலருக்குக் கூடவே பிறக்கும், சிலருக்கு அடுத்த பஸ்ஸில் வந்து சேரும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை யார் முகத்தையும் விட்டுக் கண்ணை எடுக்காது. அது மட்டும் டீச்சருக்கு அவ்வப்போது வித்தியாசமாகப் படும்.

வீடு, ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படி குறுகல், ஜன்னலுக்கு மேலே தகரச் சரிவு. கணவர் தகரப் பட்டறையில் வாழ்நாளெல்லாம் பெரிய அழுத்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். வேலையிலிருந்து ஓய்ந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மகளைத் தூர நகரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர், ஒரு டீவி, ஜன்னலோரத்தில் அவருடைய பழைய கருவிப் பெட்டி.

ஓய்ந்த பிறகு அவர் பேச்சு சுருங்கிப்போனது. கடைசியில் மூன்றே வார்த்தைகளில் குடித்தனம் நடத்தினார்: ம், சரி, ஆகட்டும்.

"இன்னிக்கு ஒரு பையன் குச்சியை மூக்குல விட்டுக்கிட்டான்."

"சரி."

"எடுக்கிறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."

"ஆகட்டும்."

உயிர் போனதற்கு ஆகட்டும் என்று சொல்கிற மனுஷரை என்ன செய்வது? டீச்சர் வெங்காயத்தைச் சற்று வேகமாக நறுக்குவாள். அவர் டீவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாரிடமும் இப்படி இருந்தால் வயசாகிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படியும் இல்லையே. கீழே இருக்கும் தையல்காரிக்கு, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை தகரமாகியிருந்தது. அவள் படிக்குக் கீழே நின்று, "அண்ணே! குடைக்கம்பி ஒடிஞ்சுபோச்சு, பாக்குறீங்களா?" என்று குரல் கொடுத்தால், இவர் மேலிருந்து, "கொண்டாம்மா, கம்பியா கைப்பிடியா?" என்று வக்கணையாகக் கேட்பார். பட்டறைக் கூட்டாளிகள் எப்போதாவது வந்தால் சிரிப்பிலும் கத்தலிலும் சுவர்ப்பல்லிகூட மிரண்டு ஓடும். அவர்கள் போன பிறகு, "என்ன சொன்னாங்க?" என்று டீச்சர் டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்பாள்.

"ம்" என்பார் அவர்.

மகள் போனில் கூப்பிட்டால் இன்னும் மோசம். "நல்லா இருக்கியாம்மா? இரு, அம்மாட்ட குடுக்குறேன்." அவ்வளவுதான் அப்பாவின் பங்கு.

"அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம்மா?"

"உம்மேல என்னடி கோவம். பேசுறதுக்கு அலுப்பு. எங்கிட்ட மட்டும் என்ன கொட்டியா குடுக்குறாரு? திமிரு, வேறென்ன."

திமிர் என்ற வார்த்தையைச் சொன்ன பிறகு அது நிஜமாகவே ஆகிவிட்டது. இருந்தும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. பழக்கம் விடவில்லை. வந்ததும் பையை மாட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அன்றைய கதை முழுவதையும் வீட்டுக் குரலில் சொல்வாள். பாதி அடுப்பிடம், பாதி அவர் முதுகிடம். அக்காவோடு மனஸ்தாபமானது, முட்டி வலிக்கிறது, கனவில் செத்துப்போன அப்பா வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் எத்தனையோ பேர் தனியாக இருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போதே தனியாக இருப்பது தனி ரகம். அதை யாரிடமும் போய்ச் சொல்லவும் முடியாது, உனக்கென்னம்மா குறை என்று கேட்பார்கள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஹெட்மிஸ் கூப்பிட்டனுப்பினாள். கெட்ட மனுஷி இல்லை. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால் டீ வரவழைக்கும் பழக்கம் உள்ளவள். டீ வந்தபோதே டீச்சருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"பேரன்ட்ஸ் கேக்குறாங்க டீச்சர். டப்பா தட்டி என்ன ஆகப் போகுதுன்னு. பக்கத்து ஸ்கூல்ல ஒண்ணாங் கிளாஸ்லயே கணக்குக்குத் தனி ரூம் வெச்சுட்டாங்க."

"தாளமும் கணக்குதாங்க மிஸ்."

"எனக்குத் தெரியுது. மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியணுமே. வாரத்துல ஒரு பீரியட் பாட்டு வெச்சுக்குங்க. மத்த நேரம் ஆபீஸ்ல உக்காந்து ரசீது போடுங்க. அது உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா…"

ஹெட்மிஸ் மீதியைச் சொல்லாமல் டீயை ஊதினாள்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க."

அன்று மாலை நல்ல மழை. தகரச் சரிவில் கொட்டி, தெருவில் வழிந்து, வீடே இரைந்தது. டீச்சர் கழுவும் தொட்டியைப் பார்த்து நின்றபடி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் நாற்காலியில், டீவிக்கு முன்னால். முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. கிழங்கைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாட்டு கிளாஸை எடுத்துடப் போறாங்களாம். ஆபீஸ்ல ரசீது போடச் சொல்றாங்க. எனக்கு அந்தப் பசங்க இல்லாம…" சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "நான் வேலையை விட்டுடட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். எதுக்கு விடணும், நீ இல்லாம அந்தப் பசங்க என்ன பண்ணும் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு, ரசீதே போடு என்று சொல்லியிருந்தால்கூடப் போட்டிருப்பாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் கழித்துத் தலையாட்டினார்.

"ஆகட்டும்."

டீச்சர் மிச்சக் கிழங்கையும் சீவினாள். வேகவைத்தாள். முட்டையை உடைத்து ஊற்றினாள். இரண்டு தட்டில் போட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை இந்த மனுஷருக்கு ஒரு ஆகட்டும்! மறுநாள் காலையில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு போய், இந்த மாசத்தோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஹெட்மிஸ்ஸுக்கே திகைப்பு. "நல்லா யோசிச்சீங்களா? வீட்ல என்ன சொன்னாங்க?"

"வீட்ல ஆகட்டும்னுட்டாங்க."

காரியங்கள் மளமளவென்று நடந்தன. மாசம் முடிவதற்குள்ளேயே பாட்டு அறைக்குக் கணக்கு பெஞ்சுகள் வந்து இறங்கின. அவளுக்கு வேண்டியது காலியான தரை. அதில்தான் சுண்டெலியும் யானையும் நடக்க முடியும். இரும்புக்கால் பெஞ்சுகள் வரிசையாக அந்தத் தரையை அடைத்து நின்றதைப் பார்த்தபோது அவளுக்குத் தன் வீட்டில் வேறு யாரோ குடிவந்த மாதிரி இருந்தது. சாமான்களை ஒரு கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கடைசி வாரப் பாடம் வராந்தாவில்தான் நடந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், வராந்தாவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்ததால், டீச்சர் ஒரு விளையாட்டு வைத்தாள்.

"எல்லாரும் கண்ணை மூடு. இறுக்கமா. நான் பெரிய டிரம்மைத் தட்டுவேன், நீங்க கூடவே தட்டணும். கண்ணைத் தொறந்தவங்க அவுட்."

"மூக்கைத் தொறக்கலாமா மிஸ்?"

"மூக்கையும் வாயையும் தொறக்காதே. காதை மட்டும் தொற."

அவள் டிரம்மை எடுத்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே போய், பிள்ளைகளின் முதுகுப் பக்கமாக மெல்லத் தட்டிக்கொண்டே நடந்தாள். டப்பாக்கள் கூடவே வந்தன. தத்தக்கா பித்தக்கா என்று இருந்தாலும் வந்தன. சலவைக் கடைச் சிறுமிக்குப் பின்னால் வந்தபோது நின்றாள். அந்தக் குழந்தை இரண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தது. குச்சியைப் பிடித்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது. தட்டவே இல்லை. டீச்சர் இன்னும் குனிந்து, அதன் காதுக்குப் பக்கத்தில் தட்டினாள். கை அசையவில்லை. மற்ற பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருக்க, அது ஒரு கண்ணை நூலளவு திறந்து, எதிரில் இருப்பவனின் கையைப் பார்த்தது. பார்த்த பிறகு தட்டியது. அரைத்தாளம் பிந்தி.

"அரைத்தாளம் அவுட்! கண்ணைத் தொறந்துட்டா!" என்று எதிரில் இருந்தவன் கத்தினான். அவனும் கண்ணைத் திறந்துதான் பார்த்திருக்கிறான்.

டீச்சர் டிரம்மைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்டுத் தட்டுகிறவர்கள் கூடவே தட்டுவார்கள், இல்லையென்றால் முந்துவார்கள். பார்த்துத் தட்டுகிறவர்கள்தான் ஒவ்வொரு தட்டிலும் அதே அளவு பிந்துவார்கள். இது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருஷம் முழுக்க அந்தக் குழந்தை அவள் கண்ணுக்கு முன்னாலேயே பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறது. அவள் அடுத்த பஸ் என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிறுமியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அதன் உள்ளங்கையை டிரம்மின் தோலில் பரப்பிவைத்து, பக்கத்தில் பலமாகத் தட்டினாள். குழந்தை தன் கையைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, இன்னொரு தடவை என்பதுபோல முகத்தை ஆட்டியது.

மாலையில் சலவைக் கடைக்காரி வந்தாள். சோப்பு நுரையில் ஊறிச் சுருங்கிய கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நின்றாள். துவைக்கிற மெஷின்களோடு வாழ்கிறவள், பேச்சும் அந்தச் சத்தத்துக்கு ஈடாக இருந்தது.

"காது கேக்கலையா? என்ன மிஸ் சொல்றீங்க! வீட்ல நல்லா வாயடிக்கும் மிஸ்."

"வீட்ல எப்படிப் பேசுவீங்க?"

"எப்படின்னா? இப்படித்தான். நாலு மெஷின் ஓடுது. கத்தலன்னா எங்களுக்கே கேக்காது."

"முதுகுப் பக்கமா மெல்லக் கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

சலவைக் கடைக்காரி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

"தூங்கப்போறப்போ கூப்பிடுவேன் மிஸ். மெஷின் நின்னப்புறம். திரும்பாது. அந்தப் பக்கம் பாத்துப் படுத்துக்கிட்டு அசையாது. திமிருன்னு நெனச்சு… அடிச்சிருக்கேன் மிஸ்." அவள் குரல் முதல் தடவையாக இறங்கியது. "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு என்ன திமிரு இருக்கும்? எனக்கு ஏன் தோணல?"

டீச்சர், எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும், எங்கே பரிசோதிப்பார்கள் என்று விவரம் சொல்லி அனுப்பினாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மனசு அங்கே இல்லை. திமிர் என்ற வார்த்தை நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீவியில் சிரிப்புக் காட்சி வந்தால் அவள் சிரிப்பாள், அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சிரிப்பார். வாசலில் யாராவது கூப்பிட்டால் அவள் எழுந்த பிறகு எழுவார். அந்த ஆகட்டும்கூட, அவள் திரும்பிப் பார்த்ததற்கு அப்புறம்தான் வந்தது. எல்லாமே ஒரே அளவு பிந்தி. வகுப்பில் ஒரு குழந்தையிடம் பிடிபட்டது, வீட்டில் இரண்டு வருஷமாகக் கண்முன்னால் நடந்தும் பிடிபடவில்லை. நடக்க நடக்கக் கால் வேகமாகியது. யானை நடை எப்போது சுண்டெலி நடையாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

தையல்காரி, "என்ன டீச்சர், இவ்வளவு அரக்கப்பரக்க?" என்றதற்கும் நிற்காமல் படியேறினாள். கதவு திறந்திருந்தது. அவர் ஜன்னலோரத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருடையதோ கெட்டிலுக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தார். டீச்சர் வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க" என்றாள், வீட்டுக் குரலில்.

அவர் ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

கல்யாணமான புதிதில் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வகுப்பில் செய்வதுபோல அவள் கையைத் தட்டுவாள், தட் தட் தட-தட தட் என்று. அவர் அடுத்த அறையில் இருந்தாலும், கையில் கிடைத்த எதிலாவது அதே மாதிரி தட்டிப் பதில் கொடுப்பார். தட்டில், வாளியில், ஒரு தடவை விருந்தாளியின் முதுகில்கூட. அது எப்போது நின்றது? டீச்சர் இப்போது அதைத் தட்டினாள். தட் தட் தட-தட தட்.

அவர் ஆணியைக் கைப்பிடியில் பொருத்தினார். பதில் தட்டு விழ வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அவள் பழக்கத்தில் அதையும் எண்ணினாள்.

பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். நிழல் விழுந்ததும் அவர் நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி இருக்க?"

அந்த வீட்டில் இதுவரை கேட்டிராத பள்ளிக்கூடக் குரலில் டீச்சர் கேட்டாள்: "உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் வெடுக்கென்று பின்னால் சாய்ந்தார். "யாரு சொன்னா? இப்ப கேக்குதே."

"இப்பக் கத்துறேன், கேக்குது. எப்பேருந்து இப்படி?"

அவர் கெட்டிலைத் திரும்ப எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் அதைப் பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"பட்டறைல இருந்தப்பவே கொஞ்சம் இருந்துச்சு. அங்க எல்லாரும் அப்படித்தானே. வீட்டுக்கு வந்தப்புறம்தான்…" அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குக் காதுன்னு தோணலம்மா. ஹாரன் கேக்குது. தையக்காரம்மா கூப்பிட்டா கேக்குது. கூட்டாளிங்க பேசுறது கேக்குது. உன் சத்தம் மட்டும்தான் இல்ல. மொதல்ல போனது உன் சத்தம்தான்."

டீச்சர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பேசுறதை நிறுத்திட்டன்னு நெனச்சேன்" என்றார் அவர். "நாள் பூரா அந்தப் பசங்களோட கத்திட்டு வர்ற. வீட்ல இருக்குற ஆளுகிட்டப் பேச என்ன இருக்குன்னு விட்டுட்டன்னு… வாய் அசையும். பாப்பேன். தனக்குத்தானே ஏதோ முணுமுணுக்குறான்னு நெனைப்பேன். நீ நிமிந்து பாத்தா ஒரு ஆகட்டும் சொல்லி வெப்பேன். பாவம், சண்டை வேணாமேன்னு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ஏன் எங்கிட்டப் பேச மாட்டேங்குறன்னு?"

"கேட்டு, ஆமா, பேசப் பிடிக்கலன்னு நீ சொல்லிட்டா?"

பட்டறையில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கின மனுஷர் அவர். தன் மனைவியிடம் இதைக் கேட்கப் பயந்து இரண்டு வருஷம் டீவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டீச்சருக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"வேலையை விட்டுடட்டுமான்னு கேட்டேன்" என்றாள். "மழை பெஞ்சுதே அன்னிக்கு. கெழங்கு சீவிக்கிட்டே கேட்டேன். நீங்க ஆகட்டும்னீங்க."

"எந்த வேலையை?"

"எனக்கு எத்தனை வேலை இருக்கு? ஸ்கூல் வேலையை. எழுதிக் குடுத்துட்டேன். நாளையோட முடியுது."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததும் எழுந்தார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

"எதுக்கு விடணும்? நீ இல்லாம அந்தப் பசங்க என்ன பண்ணும்?"

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். அவள் கிழங்கும் கத்தியுமாக நின்று எதிர்பார்த்த அதே வாக்கியம், வேலையெல்லாம் போன பிறகு ஆற அமர வந்து சேர்ந்தது. டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நாளைக்குப் போய்க் கேளு. வேணும்னா நானும் வரேன். எங்க வீட்டுக்காரருக்குக் காது செவிடு, தெரியாமச் சொல்லிட்டாருன்னு சொல்லு."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பெஞ்சு போட்டாச்சுங்க."

"என்னது?"

"பெஞ்சு! பாட்டு ரூம்ல கணக்கு பெஞ்சு போட்டாச்சு! இனிமே எடுக்க மாட்டாங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. இந்த மௌனமாவது இரண்டு பேருக்கும் ஒன்றாகவே கேட்டது.

பிறகு அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளுக்கு எதிரே தரைக்கே இறங்கி உட்கார்ந்தார். முட்டி முட்டியில் இடித்தது. சின்னப் பிள்ளை வகுப்பில் உட்காருகிற மாதிரி முகத்தை அவள் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. நிறுத்துன எடத்துலேருந்து ஆரம்பி."

டீச்சருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மூக்கில் குச்சி விட்ட பையனா, அக்காவின் மனஸ்தாபமா, கனவில் வந்த அப்பாவா? எல்லாவற்றையும் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அத்தனையும் இந்த அறையிலேயே சொன்னது, ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், பழக்க தோஷம், குரல் தானாக இறங்கிவிட்டது.

"நான் நிறுத்தவே இல்லீங்க" என்றாள்.

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். ஒரு இமை நேரம் கழித்துத் தலையாட்டினார்.

"ஆகட்டும்."

டீச்சர் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தாள். கேட் வாட்ச்மேனை எழுப்புகிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"நான் நிறுத்தவே இல்லீங்க!"

கீழே தையல் மெஷின் நின்றது. அவர் இந்தத் தடவை ஆகட்டும் என்று சொல்லவில்லை.